பேத்தி போட்ட வயரிங்

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த டைரி சிந்துஜாவுக்குப் பெயிண்டுக் கடையில் கொடுத்தது. "எனக்கு எதுக்கு? நீங்க எழுதுங்க அம்மாயி. வீதி பூரா சொல்றதைக் கொஞ்சம் இதுலயும் சொல்லுங்க" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கிண்டல். இருக்கட்டும். ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

சிந்துஜா என் மகள் கலாமணியின் பெண். மகளும் மருமகனும் திருப்பூரில் இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். இவள் டிப்ளமோ படிக்கக் கரூருக்கு என்னிடம் வந்தாள். வேலையும் இங்கேயே அமைந்து என்னோடு தங்கிவிட்டாள். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. வண்டி அங்கே வரும்போது இன்ஜினும் சக்கரமும் மட்டும் வைத்த எலும்புக்கூடு மாதிரி வரும். தகரம் அடித்து, கண்ணாடி போட்டு, சீட்டு மாட்டி அதைப் பஸ் ஆக்குவார்கள். அதில் கரண்டு ஓடுகிற சமாச்சாரமெல்லாம் இவளுடையது. தானாகத் திறக்கிற கதவு, நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுகிற போர்டு, பின்னால் பார்க்கிற கேமரா, பாட்டுப் பெட்டி, எல்லாம்.

இதுவரை ரபீக் பாய்க்குக் கையாளாக இருந்தாள். இப்போதுதான் முதலாளி நல்லசாமி ஒரு முழு வண்டியை இவளிடம் தனியாகக் கொடுத்திருக்கிறார். பாய் ரம்ஜான் முடிந்ததும் வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். இந்த வண்டி நல்லபடியாக ஓடினால் அவர் இடம் சிந்துஜாவுக்கு. ஓடாவிட்டால் பழையபடி ஸ்பீக்கர் பெட்டிக்கு வயர் ஒட்டுகிற வேலைதான். நல்லசாமி வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

ஒரு முழு பஸ்ஸுக்குத் தனியாக வயரிங் போட்ட பெண்பிள்ளை இந்த வட்டாரத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாவு ஆட்டினேன். கரண்டு இரண்டு முறை போய் வந்தது.

சிந்துஜா ஒரு சுருள் வயரை வீட்டுக்கே கொண்டுவந்து நடு வீட்டில் பரப்பிவிட்டாள். நுனியை உரித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. முருங்கைக்கீரை ஆய்ந்த கைதானே, சட்டென்று பிடிபட்டது. உள்ளே செம்பு பளபளவென்று வந்தது.

"கரண்டு இந்தச் செம்புலதானுங்க ஓடுது. மேல இருக்கற பிளாஸ்டிக் அதுக்குச் சட்டை. சட்டை போட்டிருக்கற வரைக்கும் ஒண்ணுக்கொண்ணு சண்டையில்லை. எங்கியாச்சும் சட்டை கிழிஞ்சு செம்பும் செம்பும் தொட்டுக்கிச்சு, அவ்வளவுதான்."

"மனுசனுக்கும் அப்படித்தான் சாமி" என்றேன். சிரித்தாள்.

பக்கத்து வீட்டுத் தங்காயி எட்டிப் பார்த்தாள். "ஏனக்கா, பொம்பளப்புள்ள பஸ்ஸுக்கடியில படுத்துக்கிட்டா வேலை செய்யுது?"

"ஆமா, படுத்துக்கிட்டுத்தான் வேலை செய்யுது. உம்பட பையன் படுத்துக்கிட்டுச் சும்மா இருக்கறான்" என்றேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. போகும்போது, "கெட்டிக்காரிதான். கண்ணுகிண்ணு பட்டுராம பாத்துக்கக்கா" என்றாள். சொல்கிற வாயைப் பாரேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

நான் இந்தத் திருஷ்டி, தகடு எல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் தங்காயி சொன்னது தொண்டையில் முள் மாதிரி நின்றது. மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி செப்புத் தகட்டில் கட்டம் கீறி, சுருட்டி, மஞ்சள் நூல் சுற்றிக் கொடுத்தார். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். "பிள்ளை கைபட்ட இடத்துல, மத்தவங்க கண்ணு படாம வையுங்க" என்றார்.

சிந்துஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று வண்டிக்குப் பூசை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

வண்டிக்காரர் குழந்தைவேல் தன் அம்மா பெயரையே வைத்திருக்கிறார். நெற்றியில் 'அருக்காணி' என்று சிவப்பில் ஓடுகிறது, அடுத்தாற்போல் 'கரூர் – பழனி'. சிந்துஜா ஒரு பொத்தானை அமுக்கினாள். கதவு புஸ்ஸென்று மூச்சு விட்டுத் திறந்தது. நான் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தலைக்கு மேலே ஒரு பெட்டி. அதற்குப் பேனல் என்று பெயர். "இதுதான் வண்டிக்கு மூளை" என்று மூடியைத் திறந்து காட்டினாள். கல்யாணப் பெண்ணுக்குப் பின்னிய சடை மாதிரி வயர்கள் வழித்து வாரிக் கட்டியிருந்தன. ஒரு முடி பிசிறவில்லை.

"ரபீக் பாய் பார்த்துட்டு என்ன சொன்னாரு தெரியுமாங்க? 'என்னைவிட நீட்டா கட்டிருக்கே, ஆனா அதை நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாதே'ன்னாரு."

எல்லோரும் பூசணிக்காய் உடைக்க இறங்கினார்கள். எனக்கு முட்டி வலி. நான் வண்டியிலேயே இருந்தேன். மூடி திறந்துதான் இருந்தது. அந்தச் சடைக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்து. பிள்ளை கைபட்ட இடம், மற்றவர் கண் படாத இடம். தகட்டை உள்ளே தள்ளிவிட்டேன்.

பிறகு சிந்துஜா வந்து மூடியைத் திருகாணி போட்டு முடுக்கினாள். அவள் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தாள்.

பிப்ரவரி 12, புதன்

வண்டி நேற்றிலிருந்து ஓடுகிறது. வீதியில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. தங்காயிக்கு மட்டும் இரண்டு தடவை.

பிப்ரவரி 14, வெள்ளி

நெற்றிப் போர்டு அவ்வப்போது அணைந்துவிடுகிறதாம். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் சிந்துஜா ஓடிப்போய்ப் பார்த்தாள். நிற்கும்போது நன்றாக எரிகிறதாம்.

"புது வண்டி, புது மருமக மாதிரி. ரெண்டு நாளு மொரண்டு பிடிக்கும்" என்றேன்.

பிப்ரவரி 15, சனி

உளுந்து ஊறப்போட்டேன். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

விசேஷம் இருக்கிறது. நேற்று அந்த வண்டியில் யாரும் தொடாமலே பஸ்ஸர் அடித்திருக்கிறது. இன்று காலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கதவு திறந்துகொண்டதாம். படியில் யாரும் இல்லை, அம்மன் புண்ணியம்.

குழந்தைவேல் பட்டறைக்கே வந்து கத்தினாராம். "ஏனுங்க நல்லசாமி, இத்தனை லட்சம் போட்டு வண்டி எடுத்தா, உங்க வீட்டுக் கொலு பொம்மை மாதிரி ஒரு புள்ளைகிட்டக் குடுத்துப் பழகிப் பாக்கறீங்களா?"

சிந்துஜா சாப்பிட உட்கார்ந்தாள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். "குலுங்கறப்ப மட்டும் வருது. அப்படீன்னா ஏதோ ஒரு செம்பு இன்னொண்ணைத் தொடுது. எங்கியோ ஒரு வயருக்குச் சட்டை கிழிஞ்சிருக்குது. நான்தான் இழுத்துக் கட்டறப்பக் கிழிச்சிருப்பேன். வேற எதுவும் அதுக்குள்ள இல்லையே."

நான் ரசம் எடுத்து வர அடுப்பங்கரைக்குப் போனேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

"அம்மாயி, ரசம்?"

ரசத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன். அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19, புதன்

சிந்துஜா இனி அந்த வண்டியைத் தொடக்கூடாது என்று குழந்தைவேல் சொல்லிவிட்டார். நடுவாரத்தில் வண்டியை நிறுத்தவும் மாட்டாராம். ஞாயிறன்று வெளியூரிலிருந்து வேறு ஆள் வந்து வயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போடப் போகிறான். அதுவரை கதவுப்பக்கம் யாரையும் நிற்க விடாமல் ஓட்டச் சொல்லியிருக்கிறாராம். நல்லசாமி என்ன செய்வார்? தலையாட்டிவிட்டார். இவளை ஸ்பீக்கர் பெட்டிகளிடம் உட்கார வைத்துவிட்டார்கள்.

"பாய் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. 'ஒரு தடவை அந்தப் பேனலை அந்தப் புள்ளையே திறக்கட்டும்'ன்னாரு. யாரு கேக்கறாங்க?" தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "எனக்கே பயமாத்தானுங்க இருக்குது. திறந்து பார்த்து, என்ற தப்பாவே இருந்துட்டா?"

தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. 'உன்ற கைமேல ஒரு குத்தமும் இல்லை சாமி' என்றுதான் சொன்னேன். அதை எல்லா அம்மாயியும் சொல்வார்கள். அவளுக்கு அது ஒரு உதவியும் இல்லை.

ஞாயிறன்று அந்த வெளியூர்க்காரன் கையில் அது கிடைத்தால் ஊரே கூடி நிற்கும். அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. பழனிக்குப் போயும் நாளாயிற்று.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

சிந்துஜா வேலைக்குப் போன பிறகு, தையல் மிஷின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டில் அருக்காணி நின்றது. டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பெட்டி என் தலைக்கு மேலே, எழுந்தால் எட்டும் உயரத்தில். சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு அரவக்குறிச்சியில் இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

வண்டி ஊரைத் தாண்டியதும் கம்பியைப் பிடிப்பதுபோல் எழுந்து திருகாணியில் திருப்புளியை வைத்தேன். நன்றாகத்தான் முடுக்கியிருக்கிறாள். அசையவில்லை. கண்ணாடியில் டிரைவர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்மா, அது என்ன பலகாரத் தூக்கா? கையை எடுங்க. அந்தப் புள்ள போட்ட லட்சணத்துக்கு நீங்க வேற தொட்டு, எல்லாரும் சாமிகிட்டப் போயிறலாம்."

"எந்தப் புள்ள?" என்றேன்.

"எவளோ ஒரு பொம்பளப்புள்ள வயர் ஒட்டுன வண்டிங்க இது. பூ கட்டற மாதிரி வயரைக் கட்டிருக்குது."

கண்டக்டர் சிரித்தான். பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை. வீதியெல்லாம் 'என்ற பேத்தி, என்ற பேத்தி' என்று சொன்ன வாய் அது.

அரவக்குறிச்சியில் கூட்டம் ஏறியது. சந்தைக்காரர் ஒருவர் முருங்கைக்காய்க் கட்டைப் படியோரம் சாத்தினார். ஒரு பெண் குழந்தையோடு ஏறினாள். கண்டக்டர் "கதவுகிட்ட நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று கத்திக்கொண்டேதான் இருந்தான். கூட்டம் எங்கே போகும்? அந்தக் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு மாங்காய் பத்தை தின்றுகொண்டிருந்தது. எனக்கு இறங்கத் தோன்றவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. புஸ்ஸென்று அந்தச் சத்தம். பூசையன்று நான் கேட்டுப் பூரித்த அதே சத்தம். கதவு திறந்தது. முருங்கைக்கட்டு சரிந்து ரோட்டில் விழுந்து சிதறியது. குழந்தையின் கை கம்பியிலிருந்து நழுவிவிட்டது. கண்டக்டர் எட்டி அதன் டவுசரைப் பிடித்துவிட்டான். அவன் சிரித்த சிரிப்பையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வண்டி நின்றது. எழுந்து நின்றேன். "வயரிங்ல தப்பில்லைங்க. அதுக்குள்ள நான் ஒரு தகடு வெச்சிருக்கறன். செப்புத் தகடு. திறந்து பாருங்க" என்று திருப்புளியை டிரைவரிடம் நீட்டினேன்.

அவர் என்னையும் திருப்புளியையும் பார்த்தார். "நீங்க எதுக்குங்மா வெச்சீங்க?"

"அந்தப் பொம்பளப்புள்ள என்ற பேத்தி."

இன்ஜினை அணைத்துவிட்டுத் திறந்தார். சடை அப்படியே இருந்தது, பிசிறில்லாமல். அதன் பின்னால் நூல் அவிழ்ந்து, தகடு விரிந்து, வயர் முடுக்கிய இரண்டு திருகாணிகளுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஓரம் கருகியிருந்தது. கண்டக்டர் இரண்டு விரலால் எடுத்து வெளியே காட்டினான். வண்டியே எட்டிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். முருங்கைக்காய்க்காரர் என்னைத் திட்டினார், நியாயம்தான். ஒரு கிழவர் மட்டும் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழந்தையின் அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஒவ்வொரு வயரா பாருங்க. எதுக்காச்சும் சட்டை கிழிஞ்சிருக்குதா சொல்லுங்க" என்றேன் டிரைவரிடம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "இல்லைங்மா. ஒண்ணுகூடக் கிழியலை" என்றார். அந்த வண்டியில் எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பழனி வரை போனேன். மலை ஏறவில்லை. அதே வண்டியில் திரும்பினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கதவைப் பார்த்தேன். அசையவில்லை.

நேராகப் பட்டறைக்குப் போனேன். நல்லசாமி, ரபீக் பாய், ஸ்பீக்கர் பெட்டிகள் நடுவில் சிந்துஜா. டிரைவர் முன்னாலேயே போன் பண்ணியிருக்கிறார், விஷயம் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நானே மறுபடி முழுவதும் சொன்னேன். பாய் தலைகுனிந்து மீசைக்குள் எதையோ அடக்கினார். சிந்துஜா சிரிக்கவில்லை. தகட்டை வாங்கினாள், கருகிய ஓரத்தைத் தடவினாள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் பேசினாள். "நீங்க வெச்சதுகூடப் பரவால்லைங்க. நான் என்ற கையவே நம்பாம ராவெல்லாம் முழிச்சிருந்தேன். நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பேசவில்லை.

பிப்ரவரி 22, சனி

பேசவில்லை. தோசை தின்றாள். இரண்டு.

பிப்ரவரி 24, திங்கள்

செய்தி வீதிக்கு வந்துவிட்டது. குழாயடியில் தங்காயி, "ஏனக்கா, எங்க வீட்டு மிக்ஸி சுத்த மாட்டேங்குது. உங்ககிட்டத் தகடு இருக்குதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நல்ல பதில் ஒன்று நாக்கிலேயே இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று வெளியூர் ஆள் வரவில்லையாம். வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். இதையும் பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முருங்கைக்காய்க்காரருக்கு ஒரு கட்டு வாங்கிக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

நல்லசாமி வீடு தேடி வந்தார். காப்பி கொடுத்தேன். சிந்துஜாவுக்கு அடுத்த வண்டியும் கொடுத்துவிட்டாராம். குழந்தைவேலும் வந்து, "அந்தப் புள்ளைகிட்ட நான் அப்படிப் பேசியிருக்கப்படாது" என்றாராம். அதை அவளிடமே சொல்லச் சொல்லி பாய் அவரை ஸ்பீக்கர் பெட்டி வரைக்கும் நடக்க வைத்தாராம்.

"ஒரே ஒரு கண்டிசனுங்க" என்றார் நல்லசாமி. "இனிமேல் பூசைக்கு முன்னாடியே பேனலை மூடி சீல் வெச்சிருவோம். அப்பறம், நீங்க ஆயுதபூசைக்குக்கூடப் பட்டறைக்குள்ள வரப்படாது. வாசல்லயே சுண்டல் குடுத்து அனுப்பிருவோம்."

"வேற யாரும் எதுவும் வெச்சதில்லையாக்கும்?" என்றேன்.

அவர் காப்பியைக் குடித்தார். "முன்னாடி ஒரு வண்டியில கேமராவுக்குப் பின்னால என்ற சம்சாரம் ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுட்டாங்க. ஒரு மாசம் என்ன வாடைன்னே தெரியலை. வெளிய சொல்லிறாதீங்க."

இந்த டைரியைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

சிந்துஜா ஒரு சுருள் வயரோடு வந்தாள். புது வண்டிக்கு. நடு வீட்டில் பரப்பினாள். நான் அடுப்பங்கரையிலேயே நின்றேன்.

"அம்மாயி" என்றாள். "சும்மாதானே நிக்கறீங்க. வந்து உரிங்க."

வந்து உட்கார்ந்தேன். கத்தி அவள் பைக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பையைத் திறந்தேன். டெஸ்டர் இருந்தது, கரண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற அந்த லைட் வைத்த திருப்புளி, ஒரு நாளும் கீழே வைக்காமல் கையோடு வைத்திருப்பாள். அதன் பிடியில் ஒரு வளையம். வளையத்தில் சுண்டுவிரல் அளவில் ஒன்று தொங்கியது, கறுப்பாக, பிளாஸ்டிக் உறை போட்டு, சூடு காட்டி இறுக்கி, இரண்டு நுனியும் மூடி.

ஒரு ஓரத்தில் மட்டும் உள்ளேயிருந்து மஞ்சள் நூல் துளி எட்டிப் பார்த்தது.

அவள் வயரை அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு பையை மூடினேன்.

தகட்டுக்கும் சட்டை போட்டுவிட்டிருக்கிறாள்.